கைவிட்டவர் யார்? இந்துத் திருமணச் சட்டத்தில் கைவிடலும் நீதிமுறைப் பிரிந்துவாழ்வும்

கேள்வி

தலைப்பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வருகிறாள் ஒரு பெண். குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது, ஐந்து மாதமாகிறது. அழைத்துப்போக யாரும் வரவில்லை. பேச வந்த பெரியவர்கள் நகையைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் பேசிவிட்டுப் போகிறார்கள். ஒன்றிரண்டு ஆண்டு கழித்து வக்கீல் நோட்டீஸ் ஒன்று வருகிறது. தக்க காரணமின்றியும் கணவரின் விருப்பத்துக்கு மாறாகவும் அவள் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டதாக அது சொல்கிறது. இது எந்தத் தனி வழக்கின் கதையும் அல்ல. குடும்ப நல நீதிமன்றங்களில் வழக்காடுவோர் அனைவரும் அறிந்த பொது வடிவம் இது.

இங்கே கைவிட்டவர் யார்? வீட்டைவிட்டுக் கிளம்பியது அவள். திரும்பி வரும் வழியை அடைத்தது அவன். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் கைவிடலை நீதிமுறைப் பிரிந்துவாழ்வுக்கும் மணமுறிவுக்கும் காரணமாக ஏற்கிறது. இந்தக் கேள்விக்கு அது தரும் விடை ஏட்டளவில் நேர்மையானது என்பதே என் கருத்து. ஆனால் அந்த விடையைக் கொண்டு நியாயம் பெறச் செல்லும் மனைவிக்கு, அதே சட்டத்தின் 13(1ஏ) பிரிவு மறுபக்கத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கைவிட்டவர் வெளியேறிச் செல்ல அந்தக் கதவு பயன்படுகிறது. கைவிடலின் இலக்கணத்தைப் பற்றி நம் சட்ட நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன; இந்த இரண்டாவது செய்தியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. இக்கட்டுரையின் அக்கறை முக்கியமாக அதில்தான்.

சட்டம் வந்த வழி

பழைய இந்துச் சட்டத்தில் திருமணம் ஒரு சடங்கு, கலைக்க முடியாத கட்டு. வழக்கத்தால் மணமுறிவு அனுமதிக்கப்பட்ட சாதிகளில் மட்டும் நிலைமை வேறு. கணவனால் தள்ளிவைக்கப்பட்ட மனைவிக்கு மற்ற இடங்களில் கிடைத்தது அதிகபட்சம் சோறும் துணியும்தான். 1946இல் மத்திய சட்டம் ஒன்று மணமான இந்துப் பெண்ணுக்குத் தனியே வசிக்கவும் பராமரிப்புப் பெறவும் உரிமை தந்தது. அதற்கான காரணங்களில் ஒன்றாகக் கணவன் கைவிடுவதும் இடம்பெற்றது. பின்னர் மாகாணங்கள் முன்னே சென்றன. 1947இல் பம்பாய் மணமுறிவுச் சட்டம் இயற்றியது. அதில் தொடர்ந்து நான்காண்டு கைவிட்டிருப்பது மணமுறிவுக்குக் காரணமானது. 1949இல் சென்னை மாகாணம் இருதாரத் தடையையும் மணமுறிவையும் சேர்த்து ஒரே சட்டமாகக் கொண்டுவந்தது.

1955ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் எச்சரிக்கையாக நடந்தது. இரண்டாண்டு கைவிடல் அதில் நேரடியாக மணமுறிவுக்குக் காரணமாகவில்லை. பத்தாம் பிரிவின்படி நீதிமுறைப் பிரிந்துவாழ்வுக்கான தீர்ப்பாணையை மட்டுமே அதைக்கொண்டு பெறலாம். அந்த ஆணைக்குப் பின் இரண்டாண்டு இருவரும் மீண்டும் சேராதிருந்தால், ஆணை பெற்றவர் மணமுறிவு கேட்கலாம். ‘ஆணை பெற்றவர்’ என்ற இந்த வரம்பை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1964ஆம் ஆண்டுத் திருத்தம் இதை நீக்கி, இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று மாற்றியது; அதுவே 13(1ஏ) பிரிவு. 1974இல் சட்ட ஆணையத்தின் 59ஆம் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்த 1976ஆம் ஆண்டுத் திருத்தம் காத்திருப்பை ஓராண்டாகக் குறைத்தது. கைவிடலும் மணமுறிவுக்கு நேரடிக் காரணமாயிற்று. அன்றுமுதல் பிரிந்துவாழ்வுக்கும் மணமுறிவுக்கும் காரணங்கள் ஒன்றே. எதைக் கேட்பது என்பது மனுதாரரின் விருப்பம்.

கால்தடமா, மனமா?

சட்டத்தின் விளக்கவுரை சொல்வது இது: தக்க காரணம் இல்லாமல், துணைவரின் சம்மதம் இல்லாமல் அல்லது அவர் விருப்பத்துக்கு எதிராக அவரை விட்டு நீங்குவது கைவிடல், வேண்டுமென்றே புறக்கணிப்பதும் அதில் அடங்கும். இதற்கு உயிர் கொடுத்த தீர்ப்பு 1956இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.பி. சின்ஹா எழுதியது. பம்பாய்ச் சட்டத்தின் கீழ் எழுந்த அந்த வழக்கை இங்கே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த தீர்ப்புகள் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கின்றன.

1947 மே மாதம். வணிக வேலையாக இங்கிலாந்து சென்றிருந்த கணவன் திரும்புகிறான். ஒரு கடிதத்தை முன்வைத்து மனைவிமீது சந்தேகம் கொள்கிறான். மே 24 அன்று அவள் உறவினர் திருமணத்துக்காக ஜல்காவுனில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போகிறாள். ஜூலையில் கணவனின் வழக்கறிஞரிடமிருந்து, இனி அவளை வைத்துக்கொள்ள அவனுக்கு விருப்பமில்லை என்று கடிதம் வருகிறது. நவம்பரில் மாமனார் மகளைக் கொண்டுவந்து விட முன்வருகிறார். அனுப்ப வேண்டாம் என்று கணவன் தந்தி அடிக்கிறான். நான்காண்டு கழித்து, அவள் தன்னைக் கைவிட்டாள் என்று அவனே வழக்குத் தொடுக்கிறான்.

விசாரணை நீதிபதி அவனுக்கு மணமுறிவு தந்தார். மேல்முறையீட்டில் அது ரத்தானது; உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை உறுதிசெய்தது. கைவிடலை நிறுவ நான்கு கூறுகள் வேண்டும் என்றது தீர்ப்பு. விட்டுச் சென்றவர் பக்கம் இரண்டு: பிரிந்திருக்கிறார் என்ற உண்மை, இல்லறத்தை நிரந்தரமாக முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம். விடப்பட்டவர் பக்கம் இரண்டு: பிரிவுக்கு அவர் சம்மதிக்கவில்லை என்பது, பிரிந்து செல்லத் தக்க காரணத்தை அவர் நடத்தை உண்டாக்கவில்லை என்பது. இந்த நான்கும் சட்டம் குறிக்கும் காலம் முழுவதும் ஒன்றாக நீடித்திருக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. மனு தாக்கலாகும்வரை கைவிடல் முழுமை பெறுவதில்லை. அதற்கு முன் உண்மையான மனத்துடன் திரும்பி வந்தால் அது முடிவுக்கு வந்துவிடும்.

இந்தச் சட்டகம் பெரிதும் ஆங்கிலேய மண வழக்குகளிலிருந்து வந்தது. ஆனாலும் நம் குடும்ப அமைப்புக்கு அது எதிர்பாராத அளவு பொருந்துகிறது. நம் திருமணங்களில் இடம் மாறுவது ஏறக்குறைய எப்போதும் பெண்தான். ஆடி மாதம், வளைகாப்பு, பிரசவம், தகராறு என்று எது வந்தாலும் பயணம் அவளுடையது, வீடு அவனுடையது. கால்தடத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஒவ்வொரு வழக்கிலும் மனைவியே கைவிட்டவள் ஆவாள். எண்ணத்தையும் காரணத்தையும் கேட்டதன் மூலம் 1956ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்த அநியாயத்தைத் தடுத்தது. துணைவர் வெளியேற வேண்டிய சூழலை உண்டாக்கியவரே கைவிட்டவர் என்ற கருத்தும் இதே தர்க்கத்தின் தொடர்ச்சி. அடித்து விரட்டியவன் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கிச் சென்றவன் அவன்தான்.

வேலைக்காகத் தனியே வாழும் மனைவி

எண்ணத்தைக் கேட்பது எளிது, அளப்பது கடினம். 1960களில் வடக்கே சில உயர் நீதிமன்றங்கள், வெளியூரில் ஆசிரியையாகப் பணிபுரிந்த மனைவி வேலையை விட்டுவிட்டுக் கணவனிடம் போக வேண்டும் என்றே சொல்லிவந்தன. 1970களில் இந்தப் பார்வை மாறியது. வேலையின் பொருட்டு மனைவி வேறிடத்தில் வசிப்பதை மட்டும் வைத்து அவளைக் குற்றம் சொல்ல முடியாது என்ற நிலைப்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 1975இல் எடுத்தது. 1978இல் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. பஞ்சாபின் சுனாமில் தலைமை ஆசிரியையாக இருந்த மனைவி, டெல்லியில் தொழிற்சாலையில் பணிபுரிந்த கணவன். இல்லறம் எந்த ஊரில் என்பதை முடிவுசெய்யும் தனியுரிமை கணவனுக்கு இந்துச் சட்டத்தில் எங்கும் தரப்படவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. இந்தக் கேள்வி பெருமளவுக்குத் தீர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

மௌனத்துக்கு என்ன பொருள்?

தீராமல் நிற்பது வேறொன்று. மனத்தை யாரும் திறந்து பார்க்க முடியாது. கடிதம், நோட்டீஸ், போலீஸ் புகார், ஊர்ப் பஞ்சாயத்து ஆகியவற்றிலிருந்து நீதிபதி ஊகிக்கத்தான் வேண்டும். மண வழக்குகளில் ஐயத்துக்கிடமற்ற நிரூபணம் தேவையில்லை, எந்தப் பக்கம் சாத்தியம் மிகுதி என்று பார்த்தால் போதும் என்று 1975இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஊகத்தின் எடை கூடிவிட்டது. எழுதிவைத்தவர் வெல்கிறார். சொந்த வீட்டில் இருந்துகொண்டு முறைப்படி நோட்டீஸ் விடுபவருக்கு இது சாதகம். அண்ணன் வீட்டுத் திண்ணையில் கைக்குழந்தையோடு, இன்றைக்கு வருவார் நாளைக்கு வருவார் என்று எதையும் எழுதாமல் காத்திருப்பவளுக்குப் பாதகம்.

2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அசாம் மாநில வழக்கு ஒன்றில் கணவனுக்கு மணமுறிவு அளித்தது. 2009 ஜூனில் மணமாகி அதே மாதத்தில் மனைவி பிரிந்தார். அந்த டிசம்பரில் மாமியார் இறந்தபோது வந்து ஒருநாள் தங்கிச் சென்றார். சாவு வீட்டுக்கு வந்து போனது இல்லறத்தை மீண்டும் தொடங்கும் எண்ணத்தைக் காட்டாது என்றது நீதிமன்றம். அது சரியே. தன்னை வெளியேற்றினார்கள் என்பதற்கு மனைவி சான்று தரவில்லை என்பதையும் கணக்கில் கொண்டது. அதிலும் குறை காண முடியாது. அவள் சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி மனுப் போடவில்லை என்பதும் அவளுக்கு எதிராக எண்ணப்பட்டது. இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அந்த மனுவைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு, 38 ஆண்டு முன்பே இதே நீதிமன்றம் ஒரு பதிலை எழுதி வைத்திருந்தது.

13(1ஏ): கைவிட்டவருக்குத் திறக்கும் கதவு

1984இல் தீர்ப்பான அந்த வழக்கில், 1977இல் கணவன் வீட்டைவிட்டு வெளியேற்றியதாகச் சொன்ன மனைவி, தன்னைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிடுமாறு கேட்டாள். கணவன் எதிர்க்கவில்லை, சம்மதம் தெரிவித்தான். 1978 மார்ச்சில் சம்மதத் தீர்ப்பாணை வந்தது. ஓராண்டு முடிந்ததும், ஆணைக்குப் பின்னும் நாங்கள் சேரவில்லை, ஆகவே மணமுறிவு தருக என்று அவனே மனுப் போட்டான். ஆணைக்குப் பின் தன்னை வீட்டில் இரண்டு நாள் மட்டும் வைத்திருந்து மறுபடி விரட்டிவிட்டான் என்றாள் அவள். அது நிறுவப்படவில்லை. சேர்ந்து வாழக் கோரும் ஒன்பதாம் பிரிவு அரசமைப்புக்கு முரணானதல்ல என்று அறிவித்ததற்காகவே இத்தீர்ப்பு பாடநூல்களில் இடம்பெறுகிறது. கணவனுக்குக் கிடைத்த மணமுறிவு உறுதியானதும், மனைவிக்கும் மகளுக்கும் மாதப் பராமரிப்பு விதித்து வழக்கு முடிந்ததும் பாடநூல்களில் அடிக்குறிப்பாகிவிட்டன. கணவனோடு வாழ வேண்டும் என்று நீதிமன்றப் படியேறியவள் மணமுறிவோடு வெளியே வந்தாள். அவள் கேட்டு வாங்கிய ஆணைதான் அவனுக்குக் கருவியாயிற்று.

நீதிமுறைப் பிரிந்துவாழ்வுக்கும் விதி இதுவே. கணவன் தன்னைக் கைவிட்டான் என்று நிறுவி மனைவி ஆணை பெறுகிறாள். மறுநாளிலிருந்து ஓராண்டு ஓடத் தொடங்குகிறது. அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. இதுவரை செய்துவந்ததையே, அதாவது விலகியிருப்பதையே, தொடர்ந்தால் போதும். ஆண்டு முடிவில் அவன் எந்தக் குற்றத்தையும் நிரூபிக்காமல் மணமுறிவு கேட்கலாம்.

தன் தவறைத் தானே பயன்படுத்திக்கொள்ள ஒருவரையும் அனுமதிக்கக் கூடாது என்று 23(1)(அ) பிரிவு சொல்கிறதே என்று கேட்கலாம். 1977இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது: மீண்டும் சேர மனமில்லை என்பது மட்டும் ‘தவறு’ ஆகாது, அதைவிடக் கடுமையான நடத்தை வேண்டும். சேர மனமின்மை எல்லா வழக்கிலும் இருக்கும். அதையே தவறாகக் கொண்டால் 13(1ஏ) பிரிவுக்குப் பொருளே இராது என்ற வாதம் தர்க்கமானதுதான். ஆனால் கைவிடலைக் காரணமாகக் கொண்ட பிரிந்துவாழ்வு ஆணையில், அந்த மனமின்மையே நீதிமன்றம் குற்றம் என்று தீர்ப்பளித்த செயல். நேற்றுவரை குற்றமாக இருந்தது ஆணை வந்த மறுநாளிலிருந்து குற்றமற்றதாகிவிடுகிறது. இந்த முரணை இதுவரை வந்த தீர்ப்புகள் நேர்கொண்டு தீர்க்கவில்லை என்பது என் முடிவு.

2001இல் ஒரு சிறிய தடை எழுந்தது. வேறொரு பெண்ணோடு வாழ்ந்த கணவனுக்கு எதிராக மனைவி பிரிந்துவாழ்வு ஆணை பெற்றிருந்தாள். நீதிமன்றம் விதித்த பராமரிப்பையும் அவன் தரவில்லை, அந்த உறவையும் விடவில்லை. அவன் 13(1ஏ)இன் கீழ் மணமுறிவு கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஓராண்டு முடிந்தால் தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல இது என்று சொன்னது பெரிய ஆறுதல். ஆனாலும் பராமரிப்பைத் தவறாமல் கட்டிவிட்டு விலகியே இருக்கும் கணவனை இத்தீர்ப்பு தடுக்குமா என்பது தனிக் கேள்வி. தடுக்கும் என்று அதிலிருந்து வாதிடுவது கடினம்.

அப்படியானால் பிரிந்துவாழ்வு எதற்கு?

பிரிந்துவாழ்வு ஆணையைச் சமரசத்துக்கான அவகாசம் என்று விளக்குவது மரபு. அதற்கேற்ப ஆணையை ரத்துசெய்யும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. பல பெண்களுக்கு அதன் உண்மையான பயன் வேறு. ஆணைக்குப் பின் சேர்ந்து வாழும் கடமை இல்லை. பிரிந்து வாழும் மனைவியைக் கணவன் அவள் சம்மதமின்றிப் பாலுறவுக்கு உட்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 67ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். ஆணை இருந்தால் பிரிந்திருப்பதற்குத் தனிச் சான்று தேட வேண்டியதில்லை. 25ஆம் பிரிவின்படி நிரந்தரப் பராமரிப்பு கேட்கலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுத் தாக்கல் செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திருமணம் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. கணவன் மறுமணம் செய்தால் அது செல்லாது. அவன் உயிலெழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவள் முதல் வகுப்பு வாரிசு.

மணமுறிவு வந்தால் கடைசியில் சொன்ன இரண்டும் போய்விடும். கைவிடப்பட்ட பெண் மணமுறிவை விடுத்துப் பிரிந்துவாழ்வைத் தேர்வதற்குப் பெரும்பாலும் இவையே காரணம். எதைக் காக்க அவள் அந்த ஆணையைக் கேட்டாளோ, ஓராண்டில் அதையே இழக்கும் நிலையில் அது அவளை நிறுத்துகிறது.

எதிர்வாதத்தின் எடை

செத்துப்போன உறவைச் சட்டத்தால் கட்டிவைப்பது யாருக்கும் நன்மை அல்ல என்பது எதிர்வாதம். 1978இல் சட்ட ஆணையத்தின் 71ஆம் அறிக்கை, மீட்க முடியாதபடி முறிந்த மணத்தைத் தனிக் காரணமாகச் சேர்க்கப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் இன்றுவரை சேர்க்கவில்லை. 2023 மே மாதம் அரசமைப்பு அமர்வு, 142ஆவது உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றம் மட்டும் தன் விருப்புரிமையால் அப்படி மணமுறிவு அளிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கைவிடப்பட்ட கணவர்களும் இருக்கிறார்கள். மேலே பார்த்த அசாம் வழக்கே அதற்குச் சான்று. குற்றம் யாருடையது என்று தேடும் முறை பழையதாகிவிட்டது என்பதையும் நான் மறுக்கவில்லை. வெறுப்பை ஆயுள் முழுக்கச் சுமக்கச் சொல்வது மனைவிக்கும் நன்மையல்ல.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. முறிந்த உறவிலிருந்து இருவரும் விடுபடலாம். அதன் செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. இப்போதைய அமைப்பில் அந்தச் செலவு கைவிடப்பட்டவர் தலையில் விழுகிறது. மாநிலங்களவை 2013 ஆகஸ்டில் நிறைவேற்றிய திருமணச் சட்டத் திருத்த மசோதாவில் இதற்கு ஒரு வழி இருந்தது. முறிந்த மணம் என்ற காரணத்தில் கணவன் மணமுறிவு கேட்டால், அதனால் தனக்குக் கடும் பொருளாதார இன்னல் நேரும் என்று மனைவி எதிர்க்கலாம் என்றது அது. மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது.

இன்று செய்யக்கூடியவை

வழக்கறிஞரிடம் செல்லும் பெண் முதலில் தனக்கு எது வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டும். மணமுறிவே வேண்டுமானால் கைவிடலைக் காரணமாக்கி நேரடியாக அதைக் கேட்கலாம். பிரிந்துவாழ்வு வழியே சுற்றிவரத் தேவையில்லை. திருமணம் சட்டத்தில் நீடிக்க வேண்டும், பராமரிப்பும் வேண்டும் என்றால், 1956ஆம் ஆண்டு தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அவளுக்குப் பாதுகாப்பானது. கைவிடப்பட்ட மனைவி தனியே வசித்துப் பராமரிப்புக் கோர அது இடம் தருகிறது. அந்த ஆணையிலிருந்து 13(1ஏ)இன் ஓராண்டுக் கணக்கு தொடங்குவதில்லை. கணவனுக்கு மணமுறிவு வேண்டுமென்றால் அவன் மனைவியின் குற்றத்தை நிரூபித்தாக வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின் கீழ் குற்றவியல் நீதிமன்றத்திலும் பராமரிப்பு கேட்கலாம். சேர்ந்து வாழ உத்தரவு பெற்ற கணவனிடம் திரும்பாத மனைவிக்கும் பராமரிப்பு உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜார்க்கண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. கருச்சிதைந்தபோது கணவன் மருத்துவச் செலவை ஏற்கவில்லை, வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த விடவில்லை என்பவற்றை அத்தீர்ப்பு திரும்பி வராததற்குத் தக்க காரணமாகக் கண்டது. கைவிடல் வழக்குகளை விசாரிக்கும் ஒவ்வொரு நீதிமன்றமும் காரணத்தை இந்த நுணுக்கத்தோடு தேட வேண்டும்.

நீதிமன்றங்கள் தம்மளவில் ஒன்றை உடனே நிறுத்தலாம்: சேர்ந்து வாழக் கோரி மனுப் போடவில்லை என்பதை மனைவிக்கு எதிரான சான்றாக எண்ணுவது. அந்த மனு அவளுக்கு என்ன விளைவைத் தருகிறது என்பதை 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டிவிட்டது. நாடாளுமன்றம் செய்ய வேண்டியதும் பெரிதல்ல. ஆணை கைவிடலின் பேரில் வந்திருந்தால், கைவிட்டவர் என்று தீர்ப்பான தரப்பு 13(1ஏ)இன் கீழ் மணமுறிவு கேட்கும்போது, மற்றவரின் பராமரிப்பும் குடியிருப்பும் குழந்தைகளின் செலவும் உறுதியாகும்வரை அதைத் தரக் கூடாது என்று ஒரு வரம்பு சேர்த்தால் போதும். 2013 மசோதாவில் எழுதப்பட்ட இன்னல் விதியே அதற்கு முன்மாதிரி. அடுத்த முறை திருமணச் சட்டத்தைத் திருத்த முற்படுவோர் அந்த விதியை 13(1ஏ) பிரிவுக்கும் விரித்து எழுத வேண்டும்.